உயிர்வளர் அணிகலை

உயிர்வளர் அணிகலை என்பது, உயிரினங்கள் வளரும் முறையை அடிப்படையாகக் கொண்டு, கணினிவழி உருவாக்கக் கருவிகளின் துணையுடன் ஆடைகளையும் அணிகலன்களையும் படைக்கும் கலைத்துறை ஆகும். வழக்கமான ஆடை, துணியை அளந்து, வெட்டி, தைத்து உருவாக்கப்படுகிறது. வழக்கமான நகை, உலோகத்தை உருக்கியும் தட்டியும் இழைத்தும் செய்யப்படுகிறது. இவ்விரண்டிலும் இறுதி உருவம் முன்னரே முடிவு செய்யப்பட்டுவிடுகிறது. உயிர்வளர் அணிகலையில் இறுதி உருவம் நேரடியாக வரையப்படுவதில்லை. ஒரு தொடக்க நிலையும் சில வளர்ச்சி விதிகளும் மட்டுமே தரப்படுகின்றன. உருவம் அவற்றிலிருந்து படிப்படியாக விளைகிறது.

கணிதம், கணினியியல், உயிரியல், நெசவு, நகைத்தொழில் ஆகிய துறைகள் சந்திக்கும் இடத்தில் இக்கலை அமைந்துள்ளது. 2000ஆம் ஆண்டுக்குப் பின்னரே இது தனித்துறையாக உருப்பெற்றது. ஆயினும் இதற்கு அடிப்படையான கணிதத்தின் ஒரு பகுதி, தமிழ்நாட்டுக் கோலங்களைக் குறித்துத் தாம்பரத்தில் 1970களில் நடைபெற்ற ஆய்வுகளோடு தொடர்புடையது.

வகைகள்

"வளர்ச்சி" என்னும் சொல் இத்துறையில் மூன்று வேறு பொருள்களில் ஆளப்படுகிறது. இவற்றைப் பிரித்தறியாவிடில், ஒரு படைப்பு உண்மையில் உயிருள்ளதா இல்லையா என்பதில் குழப்பம் ஏற்படும்.

1. கணினியில் மட்டும் வளர்ந்தவை: வளர்ச்சி ஒரு கணினி நிரலாக நடைபெறுகிறது. விளைந்த உருவம் நைலான், பிசின், வெள்ளி போன்ற உயிரற்ற பொருளில் செய்யப்படுகிறது.
2. வளர்ந்து முடிந்தவை: பாக்டீரியா, பூஞ்சை முதலியவை உண்மையாகவே வளர்க்கப்படுகின்றன. பின்னர் அவை கழுவப்பட்டோ உலர்த்தப்பட்டோ உயிர் நீங்கிய நிலையில் ஆடையாகின்றன.
3. அணியும்போதும் உயிருள்ளவை: அணிந்தவரின் உடல்மேல் இருக்கும்போதும் உயிரணுக்கள் இயங்கிக்கொண்டிருக்கின்றன.

இதுவரை வெளிவந்துள்ள படைப்புகளுள் பெரும்பாலானவை முதல் இரு வகைகளைச் சேர்ந்தவை. மூன்றாம் வகையைச் சேர்ந்தவை மிகச் சிலவே. அவற்றுள் ஒவ்வொன்றும், உயிரை எவ்வளவு காலம், எந்த நிலையில் காப்பது என்னும் ஒரே சிக்கலைச் சந்தித்துள்ளது.

மரபு ஒப்புமைகள்

அணிகலன்கள் இயற்கை உருவங்களைத் தழுவி அமைவது பழமையானது. மாங்காய் மாலை, மல்லிகை மொட்டு மாலை, குழந்தைகளுக்கு அரைஞாணில் கோத்துக் கட்டும் அரசிலை ஆகியவை தமிழ்நாட்டு எடுத்துக்காட்டுகள். இவை காயின், மொட்டின், இலையின் முடிந்த உருவத்தைப் பின்பற்றுகின்றன. உயிர்வளர் அணிகலையோ இலை எவ்வாறு நரம்போடுகிறது, இதழ் எவ்வாறு மடிகிறது என்னும் செயல்முறையைப் பின்பற்றுகிறது. இரண்டுக்கும் உள்ள முதன்மை வேறுபாடு இதுவே.

அணிந்த பின்னரும் மாறிக்கொண்டிருக்கும் அணி என்னும் கருத்தும் தமிழர்க்குப் புதிதன்று. மல்லிகை, மலர்ந்த பின் பறிக்கப்படுவதில்லை. மொட்டாகவே பறித்துச் சரமாகத் தொடுக்கப்படுகிறது. மாலையில் சூடிய பின்னரே அது விரிந்து மணம் பரப்புகிறது. மறுநாள் வாடிவிடுகிறது. பறித்த பின்னும் உயிரணுக்கள் சிறிது காலம் இயங்குவதே இதற்குக் காரணம். குறுகிய வாழ்நாளைக் குறையாகக் கருதாமல் பயன்பாட்டின் பகுதியாகவே ஏற்றுக்கொண்ட வழக்கம் என்ற வகையில், பூச்சரம் இத்துறையோடு ஒப்பிடத்தக்கது.

வளர்ச்சியின் கணிதம்

டூரிங்கின் வேதியியல் மாதிரி

கணினியியலின் முன்னோடியான ஆலன் டூரிங், 1952ஆம் ஆண்டில் உயிரினங்களில் வடிவம் தோன்றுவதன் வேதியியல் அடிப்படையைக் குறித்து ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஒன்றோடொன்று வினைபுரிந்துகொண்டே வெவ்வேறு வேகத்தில் பரவும் இரு வேதிப்பொருட்கள், தொடக்கத்தில் சீராக இருந்தாலும் தாமாகவே புள்ளிகளாகவும் வரிகளாகவும் பிரியக்கூடும் என்று அவர் காட்டினார். சிறுத்தையின் புள்ளி, வரிக்குதிரையின் கோடு போன்றவற்றை விளக்க இம்மாதிரி பயன்படுகிறது. துளைகளும் வரிகளும் கொண்ட பல கணினிவழி அணிகலன்கள் இக்கணக்கிலிருந்தே உருவாக்கப்படுகின்றன. டூரிங்கின் தந்தை சென்னை மாகாணத்தில் இந்தியக் குடிமைப் பணி அலுவலராக இருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

லின்டன்மேயர் முறைமை

அங்கேரியில் பிறந்து நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உயிரியலாளர் அரிஸ்டிட் லின்டன்மேயர், 1968ஆம் ஆண்டில் தாவர வளர்ச்சியை எழுத்துத் தொடராக விவரிக்கும் முறைமை ஒன்றை வெளியிட்டார். ஒவ்வோர் உயிரணுவும் ஓர் எழுத்தாகக் குறிக்கப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் எல்லா எழுத்துகளும் ஒரே நேரத்தில் விதிப்படி மாற்றி எழுதப்படுகின்றன.

எடுத்துக்காட்டாக, இழைப்பாசி ஒன்றில் முதிர்ந்த உயிரணுவைக் "க" என்றும் இளம் உயிரணுவைச் "ச" என்றும் கொள்வோம். முதிர்ந்தது பிரிந்து முதிர்ந்த ஒன்றையும் இளைய ஒன்றையும் தரும், இளையது முதிரும். அதாவது "க" என்பது "கச" ஆகும்; "ச" என்பது "க" ஆகும். "க" எனத் தொடங்கினால் வளர்ச்சி பின்வருமாறு அமையும்:

தொடக்கம்: க
படி 1: கச
படி 2: கசக
படி 3: கசககச
படி 4: கசககசகசக

எழுத்துகளின் எண்ணிக்கை 1, 2, 3, 5, 8 எனப் பெருகுகிறது. இது பிபனாச்சித் தொடர் ஆகும். இரண்டே விதிகளிலிருந்து இத்தகைய ஒழுங்கு கிடைப்பதே இம்முறைமையின் சிறப்பு. எழுத்துகளை வரைகோலுக்கான கட்டளைகளாக, அதாவது "முன்னே செல்", "திரும்பு", "கிளைவிடு" எனப் படித்தால், தொடர் ஒரு செடியின் படமாக மாறுகிறது.

கோல இலக்கணம்

சென்னையை அடுத்த தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோன்மணி, கணிதவியலாளர் ராணி சிரோன்மணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் 1974ஆம் ஆண்டில் கோலங்களை முறைசார் இலக்கணங்களாக விவரிக்கும் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டனர். மொழியின் சொற்றொடர்களை ஆக்கும் விதிகளைப் போலவே, புள்ளி வரிசைகளையும் அவற்றைச் சூழும் கோடுகளையும் ஆக்கும் விதிகளை வகுக்கலாம் என்பது அவ்வாய்வின் கருத்து. ஒரே விதித் தொகுதியைக் கொண்டு சிறிய கோலத்தையும், அதே குடும்பத்தைச் சேர்ந்த எவ்வளவு பெரிய கோலத்தையும் பெற முடியும். வாசலின் அகலத்திற்கேற்பப் புள்ளிகளைக் கூட்டிக் குறைத்துக் கோலமிடுவோர் நடைமுறையில் செய்வதும் இதுவே.

இந்த ஆய்வுகள் பின்னர் லின்டன்மேயர் முறைமையோடு இணைந்தன. பிரெமிசுலாவ் புருசின்கேவிச்சும் லின்டன்மேயரும் 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட, தாவரங்களின் கணித அழகைக் குறித்த நூல் இத்துறையின் அடிப்படை நூலாகக் கருதப்படுகிறது. செடி, பூ, மரம் ஆகியவற்றை வரையும் அதே முறைமையால் வரையத்தக்கவையாகக் கோலங்கள் ஆய்வு இலக்கியத்தில் இடம்பெற்றன. அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று "கிருஷ்ணனின் கொலுசு" எனப் பொருள்படும் பெயர் கொண்டது. அதில் ஒரு குறி, ஒவ்வொரு படியிலும் நான்கு குறிகளாக மாற்றி எழுதப்படுகிறது. இரு குறிகளில் தொடங்கினால் 2, 8, 32, 128 என அது பெருகுகிறது. வரையப்படும் கோடு எங்கும் அறுபடாமல் தொடங்கிய இடத்திலேயே வந்து முடிகிறது.

அறுபடாத மூடிய கோடு என்பது அணிகலன் செய்வோருக்கு நேரடியாகப் பயன்படும் பண்பாகும். அத்தகைய கோட்டிற்குத் தடிமன் கொடுத்து முப்பரிமாண அச்சில் இட்டால், துண்டுகள் தனித்து உதிராமல் முழு உருவமும் ஒரே பொருளாகக் கிடைக்கும். சிக்குக் கோலத்தின் இலக்கணம் வளையல், கொலுசு, பதக்கம் ஆகியவற்றுக்கு எளிதில் பொருந்துவதன் காரணம் இதுவே.

இலை நரம்பும் இதழ் மடிப்பும்

இலையில் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி எங்கு மிகுதியாக உள்ளதோ, அத்திசை நோக்கி நரம்புகள் நீளுகின்றன. நரம்பு எட்டியவுடன் அவ்விடத்து ஊக்கி வடிந்துவிடுகிறது. கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆடம் ரூனியன்ஸ், புருசின்கேவிச் முதலியோர் 2005ஆம் ஆண்டில் இதனைக் கணினி மாதிரியாக அமைத்தனர்.

இதழ் மடிப்புகள் வேறொரு விதியால் உருவாகின்றன. ஒரு மெல்லிய பரப்பின் விளிம்பு அதன் நடுப்பகுதியைவிட விரைவாக வளர்ந்தால், கூடுதலான நீளத்திற்குத் தட்டையான பரப்பில் இடம் போதாது. எனவே விளிம்பு அலையலையாக மடிகிறது. கோழிக்கொண்டைப் பூவின் மடிப்புகளில் இதனைக் காணலாம். கணினியில் இப்பரப்பு சிறு முக்கோணங்களின் வலையாக அமைக்கப்படுகிறது. ஒவ்வொரு படியிலும் விளிம்பை ஒட்டிய பக்கங்கள் சற்று நீட்டப்படுகின்றன; மிகப் பெரிதான முக்கோணங்கள் பிரிக்கப்படுகின்றன; பரப்பு தன்னையே ஊடுருவாமல் தடுக்கப்படுகிறது. சில நூறு படிகளில் பூ விரிந்துவிடும்.

எண்ணிம உருவாக்க முறைகள்

கணினிக் கோப்பிலிருந்து நேரடியாகப் பொருளைச் செய்யும் முறைகள் எண்ணிம உருவாக்கம் எனப்படுகின்றன. இத்துறையில் பின்வருவன மிகுதியாகப் பயன்படுகின்றன.

- பொடி இணைப்பு முறை: நைலான் பொடியைப் படலம் படலமாகப் பரப்பி, சீரொளிக் கற்றையால் தேவையான இடங்களில் மட்டும் உருக்கி இணைப்பது. சுற்றியுள்ள பொடியே தாங்கலாக இருப்பதால், ஒன்றோடொன்று கோத்த வளையங்களையும் கீல்களையும் ஒரே அச்சில் செய்யலாம்.
- ஒளியிறுக்க முறை: புற ஊதா ஒளி பட்டால் இறுகும் நீர்மப் பிசினைப் பயன்படுத்துவது. நுண்ணிய வேலைப்பாட்டிற்கு ஏற்றது.
- மெழுகு வார்ப்பு முறை: உருவத்தை மெழுகில் அச்சிட்டு, அதனைச் சுற்றி அச்சுக்கூடு அமைத்து, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் பொன்னையோ வெள்ளியையோ ஊற்றுவது. சோழர் கால உலோகப் படிமங்கள் வார்க்கப்பட்ட மெழுகு முறையின் கணினிவழி வடிவம் எனலாம்.

இக்கருவிகள் கலைக்கூடங்களுக்கு மட்டும் உரியவை அல்ல. சென்னையின் மேற்குப் புறநகரான வேலப்பன்சாவடி, மதுரவாயல் ஆகிய இடங்களில் பல் மருத்துவக் கல்லூரிகள் அமைந்துள்ளன. பல் மருத்துவத் துறையில் செயற்கைப் பல், தாடை மாதிரி ஆகியவற்றைச் செய்யப் பயன்படும் ஒளியிறுக்க அச்சுப்பொறிகளும், நகைத்தொழிலில் வார்ப்பு மாதிரி செய்யப் பயன்படுபவையும் ஒரே தொழில்நுட்பத்தைச் சேர்ந்தவை. பிசின் மட்டுமே வேறுபடுகிறது.

வளர்ப்புப் பொருட்கள்

பாக்டீரியச் செல்லுலோசு

இனிப்பான நீர்மத்தில் கொமகட்டேய்பாக்டர் எனும் பாக்டீரியா வளரும்போது, நீர்மமும் காற்றும் சந்திக்கும் மேற்பரப்பில் தூய செல்லுலோசு இழைகளால் ஆன ஆடையொன்று படிகிறது. நாள்தோறும் அது தடித்துக்கொண்டே வருகிறது. புளித்த தேநீரின் மேல் மிதக்கும் படலமும், பிலிப்பைன்சில் உணவாக உண்ணப்படும் தேங்காய்நீர்க் கூழ்க்கட்டியும் இதுவே. கலம் எவ்வடிவமோ படலமும் அவ்வடிவமே. ஆகவே கணினியில் வடிவமைத்த கலத்தில் வளர்த்து, வெட்டுதலோ தையலோ இன்றி உருவம் பெற முடிகிறது.

பூஞ்சை இழை

காளான்களின் வேர் போன்ற இழைவலை, மரத்தூள், வைக்கோல் முதலியவற்றை உண்டு அவற்றை ஒன்றாகப் பிணைக்கும். தேவையான அளவு வளர்ந்ததும் சூடேற்றி வளர்ச்சியை நிறுத்துவர். நெதர்லாந்தைச் சேர்ந்த அனியேலா ஹொய்டிங்க் 2016ஆம் ஆண்டில் பூஞ்சை இழை வட்டுகளை இணைத்து ஓர் ஆடையை உருவாக்கினார்.

பாசி

ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்பாசிகளும், அசைவு பட்டால் ஒளிரும் கடல் நுண்ணுயிர்களும் பயன்படுகின்றன. 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இரவில் அலைகள் நீலமாக ஒளிர்ந்ததற்குக் காரணமான உயிரியும் இவ்வொளிரும் நுண்ணுயிர்களின் இனத்தைச் சார்ந்ததே.

குறிப்பிடத்தக்க படைப்புகள்

2003ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த வடிவமைப்பாளர் சூசன் லீ, பசுந்தேநீரிலும் சர்க்கரையிலும் வளர்த்த செல்லுலோசுப் படலத்தைக் கொண்டு மேலாடைகள் செய்யும் திட்டத்தைத் தொடங்கினார். உலர்ந்த படலம் தோலைப் போல இருக்கும். ஆனால் மழையில் நனைந்தால் நீரை உறிஞ்சிக் கனத்துத் தையல் பிரிந்துவிடும் என்பதை அவரே 2011ஆம் ஆண்டு உரையொன்றில் வெளிப்படையாகக் கூறினார்.

2004ஆம் ஆண்டில் ஆத்திரேலியக் கலைஞர் டோனா பிராங்கிளின், செம்மஞ்சள் நிறப் பூஞ்சை வளரும் ஆடையொன்றைக் காட்சிப்படுத்தினார். அதே ஆண்டில் ஆத்திரேலியாவில் இயங்கிய ஓரன் கேட்ஸ், அயோனட் சுர் ஆகியோர், உயிரணுக்களை மிகச் சிறிய மேற்சட்டை வடிவிலான சட்டகத்தின்மேல் வளர்த்தனர். விலங்கைக் கொல்லாத தோல் என்பது அதன் பெயரின் பொருள். 2008ஆம் ஆண்டில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டபோது, அச்சட்டை எதிர்பார்த்ததைவிட விரைவாக வளர்ந்து குழாய்களை அடைத்தது. காட்சிப் பொறுப்பாளர் பாவோலா அந்தொனெல்லி ஊட்டத்தை நிறுத்த நேர்ந்தது. விலங்கைக் கொல்லாமைக்காகச் செய்யப்பட்ட படைப்பே இறுதியில் "கொல்லப்பட" வேண்டியிருந்தது என்னும் முரண் பரவலாகப் பேசப்பட்டது.

2010ஆம் ஆண்டில் டச்சு வடிவமைப்பாளர் ஐரிஸ் வான் ஹெர்பென், முப்பரிமாண அச்சில் செய்த மேலாடையை ஆம்ஸ்டர்டாம் ஆடைக்காட்சியில் முன்வைத்தார். உயர்நிலை ஆடைக்கலையில் இவ்வச்சு முறை இடம்பெற இது வழிவகுத்தது.

அமெரிக்காவில் ஜெசிகா ரோசன்கிரான்ட்ஸ், ஜெசி லூயிஸ்-ரோசன்பெர்க் ஆகியோர் 2007ஆம் ஆண்டில் தொடங்கிய நெர்வஸ் சிஸ்டம் வடிவமைப்புக் கூடம், இலை நரம்பு மாதிரியையும் இதழ் மடிப்பு மாதிரியையும் நகைகளாக மாற்றியது. 2014ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆடையில் 2,279 முக்கோணத் தகடுகளும் 3,316 கீல்களும் உள்ளன. கணினியில் ஆடை மடிக்கப்பட்டு, அச்சுப்பொறியின் சிறிய பெட்டிக்குள் அடங்கும் வடிவில் ஒரே துண்டாக அச்சிடப்பட்டது. பொடியைத் தட்டி உதறியதும் ஆடை விரிந்தது. இதனையும் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நெரி ஆக்ஸ்மன் தலைமையிலான குழு, செருமானியரான கிறித்தோப் பேடர், டொமினிக் கோல்ப் ஆகியோருடன் இணைந்து 2014ஆம் ஆண்டில் நான்கு அணிகளைக் கொண்ட தொகுதியை வெளியிட்டது. திங்கள், புதன், வியாழன், சனி ஆகியவற்றின் அரபுப் பெயர்கள் அவற்றுக்கு இடப்பட்டன. வேற்றுக் கோள்களுக்குச் செல்வோர் தமக்கு வேண்டிய உயிர்ச்சூழலை உடலிலேயே சுமந்து செல்வது என்பது இத்தொகுதியின் கற்பனை. வியாழனைக் குறிக்கும் "முஷ்தரி" வயிற்றைச் சுற்றி அணியும் குடல் போன்ற அமைப்பாகும். அதனுள் மொத்தம் 58 மீட்டர் நீளமுள்ள குழாய்கள் சுருண்டு ஓடுகின்றன. குழாயின் உள்விட்டம் 1 மில்லிமீட்டர் முதல் 2.5 சென்டிமீட்டர் வரை மாறுபடுகிறது. ஒளிச்சேர்க்கை செய்யும் நீலப்பச்சைப்பாசியும், அது தரும் சர்க்கரையை உண்ணும் எசரிக்கியா கோலி பாக்டீரியாவும் கூட்டாக வாழ இடமளிப்பதே இதன் நோக்கம். பாசிக்கு ஒளி தேவைப்படும் இடங்களில் பிசின் ஒளிபுகும் தன்மையுடனும், ஏனைய இடங்களில் ஒளிபுகாமலும் அச்சிடப்பட்டது.

2015ஆம் ஆண்டில் அதே கழகத்தைச் சேர்ந்த லைனிங் யாவ், ஹிரோஷி இஷீ முதலியோர், சப்பானிய நாட்டோ உணவில் உள்ள பாக்டீரியாவைத் துணியில் அச்சிட்டனர். ஈரம் பட்டால் அவ்வுயிரணுக்கள் பருக்கும். அதனால், வியர்க்கும்போது முதுகுப் பகுதியில் உள்ள சிறு மடல்கள் தாமே திறந்து காற்றோட்டம் தருகின்றன, உலர்ந்ததும் மூடிக்கொள்கின்றன. இங்கு மின்கலமோ உணரியோ இல்லை.

2019ஆம் ஆண்டில் கனடாவில் ரோயா அகீகி, ஒளிச்சேர்க்கை செய்யும் பாசி உயிருடன் உள்ள துணியை உருவாக்கினார். அதன் வாழ்நாள் ஏறத்தாழ ஒரு மாதம். வெளிச்சம் காட்டி, நீர் தெளித்துப் பேண வேண்டும்.

2025 சூலையில் பாரிசில் ஐரிஸ் வான் ஹெர்பென், கிறிஸ் பெல்லமியுடன் இணைந்து, 12.5 கோடி ஒளிரும் நுண்ணுயிர்கள் வாழும் ஆடையைக் காட்சிப்படுத்தினார். ஊட்டக் கூழ்மத்தில் அடைக்கப்பட்ட அவ்வுயிரிகள் அணிந்தவர் அசையும்போது ஒளிர்ந்தன.

இந்தியாவில்

கேரளத்தின் கொச்சியைத் தளமாகக் கொண்ட "மலாய்" நிறுவனம், இந்தியாவில் இத்துறைக்கு மிக அருகில் உள்ள முயற்சியாகும். சுலோவாக்கிய வடிவமைப்பாளர் சுசானா கொம்போசோவாவும் இந்திய வடிவமைப்பாளர் சுஸ்மித்தும் இதனைத் தொடங்கினர். தேங்காயின் ஆடை போன்ற பருப்பைக் குறிக்கும் சொல்லே நிறுவனத்தின் பெயராயிற்று. முற்றிய தேங்காயைக் கொப்பரையாகவும் எண்ணெயாகவும் ஆக்கும் ஆலைகளில் உள்ளிருக்கும் நீர் பயனின்றி வெளியேற்றப்படுகிறது. அது புளித்து மண்ணையும் நீர்நிலையையும் கெடுக்கும். அந்த நீரைக் காய்ச்சிக் கிருமி நீக்கி, பாக்டீரியாவுக்கு உணவாகத் தருவதே இந்நிறுவனத்தின் முறை. ஏறத்தாழ இரு வாரங்களில் செல்லுலோசுக் கூழ்ப்படலம் விளைகிறது. பின்னர் அதனுடன் வாழைநார் போன்ற தாவர நார்களைச் சேர்த்துத் தாள்களாகவோ, அச்சில் இட்டுத் தையலற்ற முப்பரிமாண வடிவங்களாகவோ ஆக்குகின்றனர். பைகள், காலணிகள் முதலியன இதனால் செய்யப்படுகின்றன. மேற்கண்ட வகைப்பாட்டில் இது இரண்டாம் வகையைச் சேர்ந்தது. கையில் கிடைக்கும் பொருளில் உயிர் இல்லை.

உத்தரப் பிரதேசத்தின் கான்பூரில் இயங்கும் "பூல்" நிறுவனம், கோயில்களில் வழிபாட்டிற்குப் பின் கழிக்கப்படும் பூக்களைப் பூஞ்சைக்கு உணவாக்கித் தோல் போன்ற பொருளை உருவாக்கியது.

தமிழ்நாட்டின் தட்பவெப்பம் செல்லுலோசு வளர்ப்புக்கு ஏற்றது. குளிர்நாடுகளில் வளர்ப்புக் கலத்தைச் சூடேற்ற வேண்டியுள்ளது. இங்கு அறை வெப்பநிலையே பாக்டீரியாவுக்கு வேண்டிய 30 பாகையை ஒட்டி உள்ளது. பொள்ளாச்சிப் பகுதியின் தென்னந்தோப்புகளால் மூலப்பொருளுக்கும் குறைவில்லை. அதே வெப்பமும் ஈரப்பதமும் வேண்டாத பூசணத்தையும் வளர்க்கும் என்பதால், தூய்மையே இங்கு முதன்மையான சவாலாகும்.

தோல் தொழிலோடு உள்ள தொடர்பு

வேலப்பன்சாவடி வழியாகச் செல்லும் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலை ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் தொழில் நகரங்களை இணைக்கிறது. குரோமியம் கொண்டு தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் பாலாற்றுப் படுகையின் நிலத்தடி நீரும் விளைநிலங்களும் கெட்டன. இது தொடர்பாக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டில் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்னும் கொள்கையை இந்தியச் சட்டத்தில் நிலைநிறுத்தியது. வளர்ப்புத் தோல்கள் குரோமியம் இன்றி உருவாவதால், கலைக்கூடத்திற்கு வெளியேயும் அவை கவனம் பெறுகின்றன. எனினும், அப்பகுதியில் பல்லாயிரவர் வாழ்வு தோல் தொழிலையே சார்ந்துள்ளது. எனவே பொருள் மாற்றம் என்பது வேலை மாற்றத்தையும் உள்ளடக்கியதாகும்.

சிக்கல்கள்

உயிர்ப் பேணல்: உயிருள்ள அணிக்கு உணவு, நீர், ஒளி, வெப்பநிலை ஆகியவை இடையறாது தேவை. அணிந்தவர் அதனைப் பேணுபவராகவும் ஆக வேண்டியுள்ளது. அருங்காட்சியகங்கள் பொருளைப் பல நூற்றாண்டு மாறாமல் காக்கப் பழகியவை. மாறிக்கொண்டே இருந்து இறக்கும் பொருளைச் சேகரிப்பில் வைப்பது அவற்றுக்குப் புதிய சிக்கலாகும்.

உயிர்ப் பாதுகாப்பு: மரபணு மாற்றம் செய்த நுண்ணுயிர்களை அணிந்து பொதுவிடத்தில் நடமாடுவது கசிவு ஆபத்து உடையது. இந்தியாவில் 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1989ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட விதிகள் இத்தகைய உயிரிகளின் ஆக்கம், பயன்பாடு, சேமிப்பு ஆகியவற்றைக் கட்டுப்படுத்துகின்றன. ஆய்வகத்தில் ஏற்கத்தக்க ஒரு படைப்பு, ஆடைமேடைக்கு வரும்போது வேறு அனுமதிகளை நாட வேண்டியிருக்கும்.

பொருள் முரண்: இயற்கையைப் போற்றும் பல படைப்புகள், மண்ணில் மக்காத பிசினிலும் நைலானிலும் செய்யப்படுகின்றன. இறுகாத ஒளியிறுக்கப் பிசின் தோலில் ஒவ்வாமையை ஏற்படுத்தக்கூடியது. மறுபுறம், மக்கும் செல்லுலோசுப் பொருளை நீர் புகாமல் காக்க நெகிழிப் பூச்சு இட்டால், அதன் மக்கும் தன்மை குறைந்துவிடும். நீடித்து உழைப்பதும் எளிதில் மக்குவதும் ஒன்றுக்கொன்று எதிரான தேவைகள் என்பதே இத்துறையின் தீராத சிக்கலாக உள்ளது.

இணக்கம்: குழாய்களின் உள்ளே எஞ்சும் அச்சுத் தாங்கல் பொருளை அகற்றுவது கடினம். அச்சுப் பிசினின் எச்சம் சில நுண்ணுயிர்களுக்கு நஞ்சாகும். அச்சுப்பொறிக்கு ஏற்ற பொருளும் உயிருக்கு ஏற்ற பொருளும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. எனவேதான் கணினியில் வளர்ந்த அணிகள் பெருகியிருக்க, உடல்மேல் உயிருடன் வளரும் அணிகள் அருகியே காணப்படுகின்றன.

இவற்றையும் பார்க்கவும்

- கோலம்
- லின்டன்மேயர் முறைமை
- முப்பரிமாண அச்சாக்கம்
- செல்லுலோசு
- பூச்சரம்
- பாலாறு